சின்னப் புரொஜெக்டரில வெட்டுக்கொத்துப் படம்: சிவப்பு வடிவா வருது, கறுப்புத்தான் வரேல்ல

"உந்தச் சின்னப் புரொஜெக்டர் எப்பிடி மச்சான், குடுத்த காசுக்குப் பெறுமதியோ" எண்டு கன பேர் கேட்டிட்டினம், ஒவ்வொருத்தருக்கா போனில சொல்லிச் சொல்லிக் களைச்சுப் போனன், அதால ஒரேயடியா எழுதிவிடுறன். ஆனா ஒண்டு, நான் இதில கிரிக்கெட் பாக்கிறேல்ல, சீரியல் பாக்கிறேல்ல, அக்கான்ர கலியாண வீடியோ ஒருக்காப் போட்டதோட சரி. நான் இதை வாங்கினதே ஸ்லாஷர் படம் பாக்கத்தான். முகமூடி போட்ட ஒருத்தன் கத்தியோட வருவான், ஒவ்வொருத்தரா வெட்டிக்கொண்டு போவான், கடைசியில ஒரு பெட்டை தப்பி நிப்பாள், அந்தப் படங்கள். அம்மா அதுக்கு வச்ச பேர் வெட்டுக்கொத்துப் படம். எனக்கு அது உயிர், 2011இல இருந்து விடாமப் பாக்கிறன். அதால இந்தப் பெட்டி நல்லதோ கூடாதோ எண்டதை அந்தப் படங்களை வச்சுத்தான் சொல்லுவன், வேற தேவைக்கு வாங்கிற ஆக்கள் அதைக் கழிச்சிட்டு வாசியுங்கோ.

வாங்கினது கிளிநொச்சியில, ஏ9 ரோட்டுக்கரையில ஒரு சின்ன எலக்ரோனிக்ஸ் கடையில, 31,000 ரூபா, ஆறு மாச வாறண்டி. கொம்பனிப் பேர் எழுதாததுக்குக் காரணம், இந்தச் சைஸ் பெட்டிகள் எல்லாம் ஒரே மாதிரித்தான் வருது, மேல ஒட்டின ஸ்ரிக்கர் மட்டும் ஒவ்வொரு கடையிலயும் ஒவ்வொரு பேர். கடைக்கார அண்ணை நல்ல மனுசன், போட்டுக் காட்டச் சொன்னன், பின்பக்கம் ஸ்ரோர் அறைக்க கூட்டிக்கொண்டு போய் லைட்டை நிப்பாட்டிப் போட்டுக் காட்டினவர். அவர் போட்டது ஒரு பாட்டு, மஞ்சளும் பச்சையுமா சும்மா பளிச்செண்டு கிடந்திச்சுது, நானும் வாயைப் பிளந்து பாத்திட்டுக் காசைக் குடுத்திட்டன். பாட்டை வச்சு புரொஜெக்டர் பாக்கக் கூடாது எண்டது வீட்ட வந்தாப் பிறகுதான் விளங்கிச்சுது. நீங்கள் போனா பென்ரைவில ஒரு இருட்டுச் சீன் கொண்டு போங்கோ, ராத்திரி, வீட்டுக்க, ஒரே ஒரு லைட் எரியிற மாதிரி ஒரு சீன், அதைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கோ. பாட்டு எந்தப் பெட்டியிலயும் வடிவாத்தான் இருக்கும்.

பெட்டியில அடிச்சிருக்கிறதை நம்பவேண்டாம். 9,000 லூமன் எண்டு கொட்டை எழுத்தில போட்டிருக்கு, ஆனா வெளிச்சத்தை ஒழுங்கா அளக்கிற கணக்கு அன்சி லூமன், அந்தச் சொல் பெட்டியில ஒரு இடத்திலயும் இல்லை. மற்றது 1080பி சப்போர்ட் எண்டு போட்டிருக்கு. சப்போர்ட் எண்டா அந்த வீடியோவை வாங்கி ஓட்டும் எண்டதுதான் அர்த்தம், 1080பி எண்டா 1920க்கு 1080 புள்ளி, உள்ளுக்க இருக்கிற எல்.சி.டி. 1280க்கு 720தான், அதாவது 720பி. அது எனக்குப் பெரிய பிரச்சினை இல்லை, பழைய படங்களுக்கு அது காணும். பிரச்சினை கறுப்பு.

சொல்லுறன் ஏனெண்டு. இந்த மலிவுப் பெட்டிகளில பின்னால ஒரு எல்.ஈ.டி. லைட் எந்த நேரமும் எரிஞ்சுகொண்டே இருக்கும், அதுக்கு முன்னால சின்ன எல்.சி.டி. கண்ணாடி ஒண்டு. படத்தில கறுப்பு வரவேண்டிய இடத்தில அந்தக் கண்ணாடி வெளிச்சத்தை மறிக்கவேணும், ஆனா முழுசா மறிக்க ஏலாது, கொஞ்சம் ஒழுகும். அந்த ஒழுகின வெளிச்சம்தான் சுவரில சாம்பல் கலரா விழுது. அறை எவ்வளவு இருட்டா இருக்குதோ அவ்வளவுக்கு அது கூடத் தெரியும். எங்கட பக்கம் உண்மையான இருட்டு, ஒட்டுசுட்டானுக்கு உள்ளால காட்டுக்கரை, பத்து மணிக்குப் பிறகு வேலிக்கு அங்கால ஒண்டுமே தெரியாது, அப்பிடி இருட்டில உந்தச் சாம்பல் சரியா உறுத்துது. கொழும்பில இருந்து பாக்கிறவனுக்கு இந்தக் குறை அவ்வளவு தெரியாமக்கூடப் போகலாம், ரோட்டு லைட் யன்னலால வருமே.

நான் முதல் நாள் போட்டது 'ஹலோவீன்', 1978 வந்தது, ஜோன் கார்ப்பென்ரர் எடுத்தது. மூண்டு லட்சம் டொலருக்குக் கொஞ்சம் மேலதான் அந்தப் படத்தின்ர செலவு, முகமூடி வாங்கக்கூடக் காசு யோசிச்சு, 'ஸ்ரார் ட்ரெக்' எண்ட விண்வெளிக் கதையில வாற கப்டனின்ர மூஞ்சி மாதிரிச் செய்த றப்பர் முகமூடி ஒண்டை ரெண்டு டொலருக்கும் குறைவா வாங்கி, வெள்ளை அடிச்சு, கண் ஓட்டையைப் பெருப்பிச்சு எடுத்தவை. படத்தில ரத்தம் எண்டு பாத்தா கையளவுதான், கனபேர் அது ரத்தப் படம் எண்டு நினைச்சுக்கொண்டு பாத்து ஏமாறுவினம், அந்தப் படத்தின்ர பலம் முழுக்க இருட்டு. கடைசிப் பகுதியில லோரி எண்ட பெட்டை ஒரு அறை வாசலில அழுதுகொண்டு நிப்பாள், அவளுக்குப் பின்னால அறை கும்மிருட்டு, அந்த இருட்டுக்க இருந்து வெள்ளை முகமூடி மெல்ல மெல்ல வெளிய வரும். ஆள் நடந்து வரேல்ல, அங்கயேதான் நிக்கிறான், கமராமேன் டீன் கண்டி ஒரு சின்ன லைட்டை மெதுவாக் கூட்டிக்கொண்டு போறார், அவ்வளவுதான். லப்டொப்பில அந்தச் சீனை ஒரு இருபது தரம் பாத்திருப்பன், ஒவ்வொருக்காலும் முதுகு சில்லிடும். இந்தப் புரொஜெக்டரில ஆறடி அகலத்தில போட்டா, முகமூடி வரமுந்தியே அங்க ஒருத்தன் நிக்கிறது தெரியுது! சாம்பல் இருட்டுக்க சாம்பல் உருவமா முதல்லையே நிக்கிறான். எனக்கு அழுகை வராத குறை. ஒரு படத்தின்ர உயிரான ஒரு நிமிசத்தைப் பெட்டி திண்டிட்டுது.

பிறகு ஒரு கிழமையா செற்றிங்கில கிடந்து உழண்டு ஒரு அளவுக்குச் சரிப்படுத்தினன். பிரைட்னஸை 50இல இருந்து 38க்குக் குறைச்சு, கொன்ராஸ்டை கொஞ்சம் கூட்டி, கலர் ரெம்பரேச்சரை வாம் பக்கம் விட்டன். அதுக்கும் மேல உதவினது சுவர்தான். எங்கடது வீட்டுத்திட்ட வீடு, உள் சுவர் வெள்ளை, வெள்ளையில சாம்பல் இன்னும் கூடத் தெரியும். மெல்லிய சாம்பல் பெயின்ற் ஒரு சின்ன ரின் வாங்கி அந்த ஆறடிக்கு மட்டும் அடிச்சுவிட்டன், இப்ப கறுப்பு ஒரு படி இறங்கியிருக்கு. வெளிச்சமும் ஒரு படி இறங்கினதுதான், ஆனா இந்தப் படங்களுக்கு அது நட்டமில்லை. ஹலோவீன் சீன் இப்பவும் முழுசா வராது, ஆனா முகமூடி வாறதை ஒரு செக்கன் பிந்தித்தான் கண் பிடிக்குது, அந்த ஒரு செக்கன் எனக்குக் காணும்.

சிவப்புக்கு வாறன், ஏனெண்டா இதில பெட்டி கலக்குது. இந்த எல்.ஈ.டி.க்குச் சிவப்பு நல்லா வரும், சில நேரம் கொஞ்சம் கூடவே. 'டீப் ரெட்' எண்டு இத்தாலிக்காரர் டாரியோ அர்ஜெந்தோ 1975இல எடுத்த படம் ஒண்டு இருக்கு, அவையள் இந்த வகைக்கு ஜல்லோ எண்டு சொல்லுறவை, ஜல்லோ எண்டா மஞ்சள், முந்தி அங்க கொலைக்கதைப் புத்தகங்கள் மஞ்சள் அட்டையில வந்ததால வந்த பேர். அமெரிக்க ஸ்லாஷருக்கு அண்ணன்மார் இந்த இத்தாலிப் படங்கள்தான், கறுப்புக் கையுறை, பளபளக்கிற கத்தி, கொலைகாரன்ர கண்ணால பாக்கிற கமரா எல்லாம் அந்தப் படங்களில கனக்க இருக்கு. அர்ஜெந்தோ கொலைகாரன்ர கையை ஆரிட்டயும் குடுக்கமாட்டார், கையுறை போட்ட கை வாற ஷொட்டுகளில தன்ர கையைத்தான் நீட்டுவார். அந்தப் படத்தில ரத்தம் ரத்தம் மாதிரி இருக்காது, குங்குமத்தைக் குழைச்சு ஊத்தின மாதிரி இருக்கும், வேணுமெண்டுதான் அப்பிடி. சுவர் முழுக்க அந்தச் சிவப்பு விழேக்க எங்கட விறாந்தை வரைக்கும் சிவந்து போகுது. நான் சாப்பாட்டுக் கோப்பையைக் கீழ வச்சிட்டுப் பாத்தன், அவ்வளவு வடிவு.

'ஃபிரைடே த தேர்ட்டீன்த்' 1980. நான் முதன்முதல் பாத்த ஸ்லாஷர் இதுதான், 2011, வவுனியாவில ஏ.எல். படிக்கேக்க அறையில கூட இருந்தவன்ர லப்டொப்பில. நடிகர் கெவின் பேக்கன் கட்டிலில படுத்துக் கிடப்பார், கட்டிலுக்குக் கீழ இருந்து ஒரு கை வந்து நெத்தியை அமத்தும், பிறகு கழுத்தைத் துளைச்சுக்கொண்டு அம்பு முனை மேல வரும். நான் கத்தினன், கூட இருந்தவனும் கத்தினான், பிறகு ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சம், பிறகு அந்தச் சீனை எத்தினை தரம் திருப்பித் திருப்பிப் போட்டிருப்பம் எண்டு தெரியாது, இவை இதை எப்பிடிச் செய்தவை எண்டு கண்டுபிடிக்கத்தான். இப்ப தெரியும். தலை மட்டும்தான் அவற்ற, அவர் கட்டிலுக்குக் கீழ முழங்காலில இருந்துகொண்டு தலையை ஓட்டையால மேல நீட்டிக்கொண்டு இருக்கிறார், கழுத்தும் நெஞ்சும் செய்து வச்சது. கீழ இருந்து ஒராள் அம்பைத் தள்ள, இன்னொராள் ரத்தம் பம்ப் பண்ணவேணும், எடுக்கிற நேரம் பம்பின்ர குழாய் கழண்டிட்டுது, திருப்பி எடுக்க இன்னொரு கழுத்து இல்லை, உதவிக்கு நிண்டவர் குழாயை வாயில வச்சு ஊதிவிட்டவர். அதாலதான் ரத்தம் கொப்புளிச்சுக் கொப்புளிச்சு வருது, பம்ப் வேலை செய்திருந்தா அப்பிடி வந்திருக்காது. ஆறடியில பாக்கேக்க கழுத்துத் தோலில ஒட்டு எங்க வருது எண்டது நல்லா உத்துப் பாத்தா தெரியும், எனக்கு அது குறையில்லை, அந்த ஒட்டைக் கண்டுபிடிக்கத்தான் நான் பெரிசாப் பாக்கிறனான். தச்சுவேலை தெரிஞ்சவன் கதவைப் பாக்கேக்க பொருத்தைத்தானே பாப்பான்.

அந்தக் கழுத்தைச் செய்தவர் ரொம் சவினி. இவரைப் பற்றிக் கொஞ்சம் எழுதவேணும், புரொஜெக்டருக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை எண்டாலும்.

எங்கட ஊரில இந்தப் படம் பாக்கிறன் எண்டு சொன்னா முதல் வாற கேள்வி எல்லாருக்கும் தெரியும். "நீ பாக்காத ரத்தமோடா?" அம்மா கேட்டவ, மாமா கேட்டவர், வேலை செய்யிற இடத்தில ஒரு அக்கா கண் கலங்கிப்போய்க் கேட்டவ. 2009இல எனக்குப் பதினைஞ்சு வயசு. என்ன பாத்தனாங்கள் எண்டது எங்கட ஆக்களுக்கு நான் எழுதத் தேவையில்லை. அந்தக் கேள்வி நியாயமான கேள்வி, நான் அதுக்கு ஒரு நாளும் கோவிச்சதில்லை. சவினி வியட்நாமில அமெரிக்க ஆமியின்ர போட்டோக்காரரா இருந்தவர், சண்டை நடந்த இடங்களில செத்த ஆக்களைக் கமராவால பாத்தவர், திரும்பி வந்து செய்தது இந்த வேலை. நான் அதை முதன்முதல் வாசிச்ச அண்டைக்கு ராத்திரி நித்திரை கொள்ளேல்ல. உண்மையைப் பாத்த ஒராள் றப்பராலயும் பாகாலயும் அதைத் திருப்பிச் செய்யிறார், செய்து முடிய இயக்குநர் கட் எண்டு சொல்லுறார், கழுத்தறுந்து கிடந்தவர் எழும்பி முகம் கழுவிப்போட்டு ரீ குடிக்கப் போறார். எனக்கு அதுதான் வேணும். அந்த எழும்புறதைப் படத்தில காட்டமாட்டினம், ஆனா எனக்குத் தெரியும்.

போர்ப் படம் என்னால பாக்க ஏலாது. ஹெலிச் சத்தம் வந்தாலே நிப்பாட்டிப் போடுவன், செல் விழுற சத்தம் வந்தா அறையை விட்டு வெளிய போயிருவன். ஸ்லாஷரில அப்பிடி இல்லை. அதில கொலைகாரன் ஒருத்தன், அவனுக்கு ஒரு முகமூடி இருக்கு, அவன் நடந்துதான் வருவான், எந்தப் பக்கத்தால வாறான் எண்டு தெரியும், இன்னும் எத்தினை பேர் மிச்சம் எண்டு எண்ணலாம், ஒராள் கட்டாயம் தப்பும். தப்புற அந்தப் பெட்டைக்கு ஒரு பேர்கூட இருக்கு, ஃபைனல் கேர்ள், கரல் குளோவர் எண்ட பேராசிரியை 1987இல ஒரு கட்டுரையில வச்ச பேர், பிறகு 1992இல ஒரு புத்தகமாகவே எழுதினவ. பாக்கிற பெடியள் கடைசி வரைக்கும் கொலைகாரன்ர பக்கமே நிக்கிறேல்ல, படம் போகப் போக அந்தப் பெட்டைக்குள்ள போய் இருந்துகொண்டுதான் பாக்கினம் எண்டு அவ சொல்லுறா. என்னைக் கேட்டா நூத்துக்கு நூறு உண்மை, நான் முதல் நிமிசத்தில இருந்து அவளோடதான்.

சரி, பெட்டிக்கு வருவம். சத்தம்.

உள்ளுக்க இருக்கிற ஸ்பீக்கர் குப்பை, போனின்ர ஸ்பீக்கர் இதைவிடத் திறம், அதைப் பற்றி வேற ஒண்டும் எழுதேல்ல. ஆனா புளூடூத் இருக்கு, வயர் குத்திற 3.5 மில்லிமீற்றர் ஓட்டையும் இருக்கு, நான் என்னட்ட இருந்த பெரிய ஸ்பீக்கரை அதில குடுத்தன். அண்டைக்குப் போட்டது 'த டெக்ஸாஸ் செயின் சோ மசாக்கர்', 1974. எங்கட பக்கம் ராத்திரியில மரம் அரியிற மெசின் சத்தம் கேட்டா என்ன அர்த்தம் எண்டு எல்லாருக்கும் தெரியும், காட்டுக்க ஆரோ முதிரையோ பாலையோ களவா அரியிறான் எண்டு அர்த்தம். படத்தில மெசின் சத்தத்தோட ஒரு பெட்டை விடாமக் கத்திக்கொண்டு ஓடுவாள், அது ரெண்டும் யன்னலால வெளிய போக, பக்கத்து வளவு ஐயா ரோச் லைட்டோடயும் யானை வெடியோடயும் படலைக்க வந்து நிக்கிறார், யானை வந்து ஆரையோ அடிச்சுப்போட்டுது எண்டு நினைச்சிட்டார். பின்னால அவற்ற மனிசி, நடுங்கிக்கொண்டு. எனக்கு அவவின்ர முகத்தைப் பாக்க ஏலாமப் போச்சு. எங்கட ஊரில ராத்திரியில ஒரு பொம்பிளை கத்துற சத்தம் லேசான சத்தமில்லை, அதை நான் யோசிச்சிருக்கவேணும். அடுத்தநாள் போய் மன்னிப்புக் கேட்டன், அண்டையில இருந்து ஹெட்செற்றில மட்டும்தான். ஹெட்செற்றை 3.5இல குடுங்கோ, புளூடூத்தில குடுத்தா சத்தம் கொஞ்சம் பிந்தி வருது, கத்தி இறங்கினாப் பிறகு குத்துற சத்தம் வந்தா சீன் செத்துப்போகும்.

அந்தப் படம் இந்தப் பெட்டிக்கெண்டே எடுத்த மாதிரி இருக்கு. 16 மில்லிமீற்றர் பிலிமில எடுத்தது, படம் முழுக்க மணல் மணலா இருக்கும், 720பி அதுக்குக் கனக்கக் காணும். அதைவிடப் பெரிய விசயம், அரைவாசிப் படம் பட்டப்பகல். முதல் கொலை நடக்கிறது நல்ல வெயில் நேரம், ஒரு பெடியன் வீட்டுக்க போவான், கதவடியில ஒரு பெரிய உருவம் வந்து நிண்டு சம்மட்டியால ஒரே அடி, இழுத்து உள்ளுக்க போட்டிட்டுத் தகரக் கதவை டமார் எண்டு சாத்தும். அவ்வளவுதான், சில செக்கன். மியூசிக் வந்து முன்னுக்குச் சொல்லிவைக்காது. கறுப்பு வரவேண்டிய தேவையே இல்லாததால பெட்டியின்ர குறை அதில தெரியாது. இன்னொரு விசயம், அந்தப் பேரைக் கேட்டா ரத்த ஆறு ஓடும் எண்டு நினைப்பீங்கள், இயக்குநர் ரோபி ஹூப்பர் ரத்தத்தைப் பாத்துப் பாத்துக் குறைச்சுத்தான் காட்டினவர், பெட்டையைக் கொக்கியில கொழுவுற சீனில கொக்கி உடம்பில ஏறுறதைக் காட்டவே இல்லை, ஆனா பாத்தவன் எல்லாரும் பாத்தன் எண்டு சத்தியம் பண்ணுவான். கடைசிச் சாப்பாட்டு மேசைச் சீன் ஒரு நாளுக்கும் மேல விடாம எடுத்தது, டெக்ஸாஸ் வெக்கை, யன்னல் எல்லாம் மூடி, மேல லைட், மேசையில கிடந்த இறைச்சி நாறி, நடிச்ச ஆக்கள் வெளிய போய்ச் சத்தி எடுத்திட்டு வந்து நடிச்சிருக்கினம். ஆவணி வெயிலில, கறண்ட் நிண்டு ஃபான் ஓடாத ஒரு தகரக் கொட்டிலில இருந்து பாத்தவனுக்குத்தான் அந்தச் சீன் முழுசா விளங்கும், நான் அப்பிடிப் பாத்திருக்கிறன்.

வெக்கை எண்டதும் ஞாபகம் வருது, பெட்டி சரியாச் சூடாகுது. ரெண்டு படம் தொடர்ந்து போடாதேங்கோ, ஒண்டு முடிய அரை மணித்தியாலம் விடுங்கோ. உள்ளுக்க ஃபான் சத்தமும் நல்லாக் கேக்கும், ஹெட்செற் போட்டா பிரச்சினையில்லை. பின்னேரம் ஆறு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில எங்கட பக்கம் வோல்ற்றேஜ் விழும், அந்த நேரம் வெளிச்சம் ஒருக்காக் கூடி ஒருக்காக் குறையும், நான் பத்துக்குப் பிறகுதான் போடுறனான். முற்றத்தில பெட்சீற் கட்டியும் பாத்தன், பங்குனியில அருமையா இருந்திச்சுது, முதல் மழை பெஞ்ச அண்டைக்கு ஈசல் வந்து வெளிச்சம் முழுக்க அடைச்சிட்டுது, மாரியில வெளிய போடுற யோசினையை விட்டிடுங்கோ.

'எ நைற்மெயர் ஒன் எல்ம் ஸ்ரீற்', 1984, வெஸ் கிரேவன். இது இந்தப் பெட்டியில அரைக்கரை. பாய்லர் அறைச் சீன் எல்லாம் சாம்பல், கவலைதான். ஆனா ஜொனி டெப்பின்ர கட்டில் சீன்! அவற்ற முதல் படம் அது. கட்டில் ஆளை உள்ளுக்க இழுத்திட்டு ரத்தத்தை மேல முகட்டுக்குப் பீச்சும், கிணத்து மோட்டரைத் திறந்துவிட்ட மாதிரி. அறையையே தலைகீழாச் செய்து, சுத்துற மாதிரிப் பூட்டி, மேல இருந்து கீழ ஊத்தினதுதான், கமராவும் தலைகீழ நிண்டதால மேல போற மாதிரித் தெரியுது. அது சுவரில விழேக்க நான் கதிரையை விட்டு எழும்பி நிண்டுதான் பாத்தன்.

புதுசுகளில 'ரெரிஃபையர் 2', 2022. ரெண்டரை லட்சம் டொலரில எடுத்து ஒரு கோடி டொலருக்கு மேல அள்ளின படம், டேமியன் லியோன் எண்ட மனுசன் தானே எழுதி, எடுத்து, ரத்த வேலையும் தானே செய்தவர். இதுதான் உண்மையான ரத்த ஆறு, வயிறு கெட்டியான ஆக்களுக்கு மட்டும். எனக்கு அதில பிடிச்சது கொம்பியூட்டர் ரத்தம் இல்லாதது. கொம்பியூட்டர் ரத்தம் பெரிசாப் போட்டா உடன காட்டிக்குடுக்கும், நிலத்தில விழாது, உடுப்பில ஊறாது, காத்தில புகை மாதிரிப் பறந்திட்டு இல்லாமப் போகும். போனில பாக்கிறவனுக்கு வித்தியாசம் தெரியாது, ஆறடியில பாக்கிறவனை ஏமாத்த ஏலாது. அந்த வகையில இந்தப் பெட்டி எனக்கு ஒரு நல்ல வாத்தியார். படுக்கை அறைச் சீன் தேவையை விட நீளம் எண்டதும் என்ர அபிப்பிராயம், ரெண்டேகால் மணித்தியாலப் படத்தில அரை மணித்தியாலத்தை வெட்டியிருக்கலாம்.

சின்னப் பிள்ளையள் இருக்கிற வீடு எண்டா யோசிச்சு. அக்கான்ர பிள்ளையள் வந்து நிக்கிற நாளில நான் இதில ஒண்டும் போடமாட்டன், பென்ரைவும் அலுமாரிக்க, பூட்டு. லப்டொப் எண்டா மூடிவைக்கலாம், சுவரில ஆறடியில ஓடுறதை மறைக்க ஏலாது, பிள்ளை தண்ணி குடிக்க எழும்பி வந்தாக் கண்ணில பட்டிடும்.

அம்மாவுக்காக ஒரு நாள் 'மூடுபனி' போட்டன். 1980, பாலு மகேந்திரா, மட்டக்களப்பு அமிர்தகழி ஆள், எங்கட மண்ணில பிறந்தவர். ஹலோவீன் வந்த அதே 1978இல தமிழில 'சிகப்பு ரோஜாக்கள்' வந்திட்டுது, ரெண்டு வருசத்தில இது, ஆகத் தமிழுக்கும் இந்தக் கொலைகாரப் படம் ஒண்டும் புதுசில்லை. அம்மாவுக்கு 'என் இனிய பொன் நிலாவே' பாட்டு மனப்பாடம், ரேடியோவில கேட்டுக் கேட்டு, முந்தி வன்னியில கறண்ட் இல்லாத காலத்தில சைக்கிளைக் கவுட்டு டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்டவை அவையள். ஆனா அந்தப் பாட்டு எந்தப் படத்தில, ஆர் ஆருக்குப் பாடுறான் எண்டது அவவுக்கு இவ்வளவு காலமும் தெரியாது. கிற்றாரோட அவன் பாடேக்க அம்மாவும் கூடவே முணுமுணுத்தவ, பிறகு "உவனோடா கொலைகாரன்" எண்டு என்ர கையைப் பிடிச்சவ, பிடிச்ச கையை விடேல்ல. முழுசாப் பாத்தவ. கமராவும் பாலு மகேந்திராதான், வெளிச்சம் மெல்லிசாத்தான் இருக்கும், பனிச் சீன்களில இந்தப் பெட்டியின்ர சாம்பல் பனியோட பனியாப் போயிட்டுது, குறையே தெரியேல்ல. முடிய அம்மா கேட்டது ஒண்டுதான், மிச்சக் கச்சான் எங்க எண்டு. முறிகண்டியில வாங்கின கச்சான், படம் தொடங்கேக்க பிரிச்சது, நான் ஒண்டும் சாப்பிடேல்ல.

ஆக, 31,000க்கு வாங்கலாமோ? பகல் வெளிச்சப் படம், பழைய பிலிம் படம், சிவப்புக் கொட்டுற படம் பாக்கிறவன் யோசிக்காம வாங்கலாம். ஹலோவீன் மாதிரி இருட்டை நம்பி இருக்கிற படம்தான் உயிர் எண்டா இன்னும் ரெண்டு மடங்கு காசு சேத்து அன்சி லூமன் எழுதின, கொன்ராஸ்ட் கூடின பெட்டியாப் பாருங்கோ, நானும் அதுக்குத்தான் சேக்கிறன். வாங்கிற ஆக்கள் பின்பக்கம் இருக்கிற தூசி வலையை ரெண்டு கிழமைக்கு ஒருக்காக் கழட்டித் தட்டவேணும், எங்கட செம்மண் தூசி உள்ளுக்க போய்க் கண்ணாடியில இருந்திட்டா படத்தில ஒரு புள்ளி நிக்கும், என்ரதில வலப்பக்கம் மேல ஒண்டு நிக்குது, முகமூடி எந்தப் பக்கத்தால வந்தாலும் அந்தப் புள்ளி அங்கயேதான். கடைக்கு கொண்டு போனன், அண்ணை திறந்து துடைச்சுத் தாறன் எண்டவர், வாற சனிக்கிழமை வரச் சொன்னவர்.